நட்டதும் முளைத்ததும்

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விடியுமுன் ஆள் கணக்கு எடுத்து, அதனைச் செக்ரோலில் ஏற்றுவது என் பிழைப்பு. அந்தப் பேரேட்டில் வேலைகளுக்கென்று சில கட்டங்கள் உள. குலை வெட்டு, உதிரி பொறுக்கு, உரம், மருந்தடிப்பு, புல்வெட்டு என்று அவை போகும். அக்கட்டங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பி வந்த எனக்கு ஒருநாள் ஓர் எண்ணம் தோன்றிற்று. இம்மலாய்த் தீபகற்பத்தில் விதைத் தாவரங்கள் ஏறத்தாழ 8,000 இனங்கள் உண்டென்பது தாவர நூலார் கணக்கு. என் பேரேட்டிலோ அவை இரண்டே இனங்கள். நட்டது ஒன்று, முளைத்தது மற்றொன்று. நட்டதற்கு உரம், முளைத்ததற்கு மருந்து. கொல்லும் நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டதும் நம் தமிழேயாம்.

இம்மண்ணுக்கே உரிய செடிகளை அவரவர் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல் வேண்டும் என்னும் பேச்சு இப்பொழுது பட்டணங்களில் பெருகி வருகிறது. நம்மவரிடம் இதனைச் சொன்னால் இரு விதமான மறுமொழி கிடைக்கிறது. “அப்படியானால் முருங்கையையும் கறிவேப்பிலையையும் பிடுங்கி எறிய வேண்டுமா?” என்று பெண்கள் கேட்கிறார்கள். “நம்மையே வந்தேறிகள் என்று வைகிற வாய்கள் உள்ள நாட்டில், செடியிலும் வந்தது எது, இருந்தது எது என்று பிரிக்கக் கிளம்பிவிட்டீர்களா?” என்று ஆண்கள் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குள் இருக்கும் புண் எனக்குத் தெரியாததன்று. பள்ளியில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் செடிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது நாம் அஞ்சுகிற பக்கத்திலும் நிற்கவில்லை, நம்மை வைகிறவர் பக்கத்திலும் நிற்கவில்லை என்று தெரிகிறது.

முதலில் நம் லயத்து வாசலையே பார்ப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. போர்த்துகீசியர் 1498இல் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பின்னரே அது தமிழர் அம்மிக்கு வந்து சேர்ந்தது. மரவள்ளியும் பப்பாளியும் கொய்யாவும் அன்னாசியும் அக்கண்டத்துச் செடிகளே. கோயில் மாலைக்குக் கட்டும் துலுக்கச் சாமந்தி மெக்சிக்கோ நாட்டது. நித்திய கல்யாணி மடகாஸ்கர் தீவினது. வேலியிற் படரும் காகிதப்பூ தென்னமெரிக்கக் கொடி. சிவபெருமானுக்கு உரியதென்று நாம் கைகூப்பும் நாகலிங்க மரமுங்கூடத் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததுதான். அதன் பூவிலே லிங்கமும் படமெடுத்த நாகமும் நம்மவர் கண்ணுக்குத் தெரிந்தபின் அது சைவமாயிற்று. முருங்கையோ தமிழ்நாட்டு மரமே அன்று. இமயமலையின் மேற்கு அடிவாரப் பகுதியே அதன் தாயகம்.

மலாய்க்காரர் கம்பத்திலும் நிலைமை வேறன்று. சோற்றுடன் பச்சையாக உண்ணும் தழைகளை அவர்கள் ஊலாம் என்பார்கள். அவற்றுள் அரசெனப் பெயர் பெற்றது ஊலாம் ராஜா. அந்த அரசர் அமெரிக்க வெப்பநாட்டுக் குடிமகன். 1960ஆம் ஆண்டில் தேசிய மலராக ஏற்கப்பெற்ற புங்கா ராயா, அஃதாவது நம் செம்பருத்தி, இத்தீபகற்பத்துக் காட்டிலே தானாக விளைந்ததன்று, கப்பலேறி வந்ததே. அதனை எவரும் வந்தேறி என்று வைததாக நான் கேட்டதில்லை.

இனி மறுபுறம் திரும்புவோம். தமிழர் மணத்துக்கும் பிணத்துக்கும் வேண்டுவது வெற்றிலை. அதன் பிறப்பிடம் மலாய்த் தீவுக்கூட்டப் பகுதி என்பது தாவர நூலார் பலரின் கருத்து. கமுகும் கீழ்த்திசைத் தீவுகளின் மரம் என்றே சொல்லுகின்றனர். கண்ணகி கோவலனுக்குக் கடைசி முறையாக அமுது படைத்து வெற்றிலையும் பாக்கும் கொடுத்ததைச் சிலப்பதிகாரம் பாடுகின்றது. அந்நூல் எழுந்த காலத்துக்கு முன்பே அவ்விரண்டும் முழுத் தமிழராகி விட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆங்கிலர் வழங்கும் ‘பீட்டல்’ என்னும் சொல்லும் வெற்றிலை என்பதே போர்த்துகீசியர் வாயில் திரிந்து போனது. செடி இத்திசையிலிருந்து அங்கே போயிற்று. பெயர் அங்கிருந்து உலகமெங்கும் போயிற்று.

வாழையின் கதை இன்னும் நெருக்கமானது. 2012ஆம் ஆண்டில் அறிஞர்கள் வாழையின் மரபணுத் தொகுதி முழுவதையும் முதன்முதலாகப் படித்தறிந்தனர். அதற்கென அவர்கள் எடுத்துக்கொண்ட செடி பகாங்கு நாட்டுக் காட்டு வாழையின் வழிவந்தது. நாம் உண்ணும் வாழை வகைகள் பலவற்றின் முன்னோருள் ஒன்று இந்நாட்டுப் பள்ளங்களிலே, காய் நிறையக் கருவிதையுடன், இன்றும் நின்று குலை தள்ளுகிறது. எங்கள் தோட்டத்து எல்லையில் ஓடையோரம் அது ஒரு கூட்டமாக இருந்தது. போன ஆண்டு அதனைப் புல்வெட்டுக் கணக்கில் வெட்டினோம். நான்கு ஆள், ஒரு நாள். அந்தக் கணக்கை எழுதியவன் நானே.

இவ்வளவு உறவு இருந்தும் இம்மண்ணின் செடிகளை நாம் அறியாமற் போனது எவ்வாறு? ஒரே ஒரு மரத்தின் பொருட்டு நாம் இங்கே அழைத்து வரப்பட்டோம் என்பதே என் விடை.

சிங்கப்பூரில் ஆங்கிலர் குடியேற்றம் கண்ட 1819ஆம் ஆண்டிலேயே ராபிள்ஸ் அங்குள்ள குன்றில் சாதிக்காயும் கிராம்பும் பயிராக்க ஏற்பாடு செய்தார். பயிரியல் தோட்டம் என்பது அக்காலத்தில் கண்ணுக்கு இனிய பூங்காவன்று. எந்தச் செடி காசு தரும் என்று கண்டறியும் களம். 1822இல் அமைந்த முதல் தோட்டம் 1829இல் மூடப்பட்டது; இன்றுள்ளது 1859இல் தொடங்கியது. 1876இல் விக்காம் என்னும் ஆங்கிலர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு அவற்றின் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சார் போயின. பின் நடந்தது நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் கதை. அதனை நான் விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமற் போகக்கூடாது. 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு வகுத்தவர் அவரே. சட்டைப்பை நிறைய ரப்பர் விதையுடன் திரிந்து, காப்பித் தோட்டக்காரர்களை நச்சரித்து, ‘கிறுக்கு ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். அதே ரிட்லிதான் காடு மேடெல்லாம் அலைந்து இத்தீபகற்பத்தின் செடிகளை ஆராய்ந்து, 1922 முதல் 1925 வரை ஐந்து பெருந் தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு கையால் இந்நாட்டுக் காட்டுக்கு எமனைக் கொடுத்தார். மறு கையால் சாகப்போகிறவற்றின் பெயர்களை எழுதி வைத்தார். நூறாண்டு வாழ்ந்து 1956இல் மறைந்த அவர் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தாரோ, யாரறிவார்! அவருக்குப் பின் பர்க்கில் என்பார் 1935இல் இந்நாட்டுப் பயன்படு செடிகளுக்கு ஓர் அகராதி செய்தார். கார்னர் என்பார் 1940இல் சாலையோர மரங்களைப் பற்றி அருமையான நூல் ஒன்று வெளியிட்டார். மூன்றும் ஆங்கில நூல்கள். அவற்றுக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதியைத் தந்தவர் மலாய்க் கம்பத்தாரும் ஓராங் அஸ்லி மக்களும். மரத்தை வெட்டியவர் நாம். நம் கையில் அந்நூல் வந்ததுமில்லை, அக்கம்பத்தாருடன் உட்கார்ந்து பெயர் கேட்க நமக்கு நேரம் வாய்த்ததுமில்லை.

வாய்த்தது வெளிக்காட்டு வேலை. காட்டை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீயிட்டு, நிரை பிடித்துக் கன்று நட்டபின், அந்நிலத்தில் வேறொரு பச்சையும் கண்ணிற் படலாகாது என்பது ஆதியில் வந்த துரைமாரின் கொள்கை. வெற்று மண் தெரிந்தால்தான் தோட்டம் ஒழுங்கு என்று அவர்கள் எண்ணினார்கள். ஆகவே ஆண்களும் பெண்களும் வரிசையாகக் குனிந்து, முளைத்ததையெல்லாம் வேரோடு களைந்துகொண்டே போனார்கள். தோட்டத்தின் கடைசி நிரையை முடிக்குமுன் முதல் நிரையில் மறுபடி முளைத்திருக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு அங்குலம் மழை பெய்யும் நாடு இது. மூடாத மண் என்னாகும்? மேன்மண் கரைந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. கீழே இருந்த செம்மண் வெளிப்பட்டது. மண்ணைக் காக்கின்ற செடியைப் பிடுங்குவதற்கு நாட்கூலி கொடுத்து, பின் மண் போய்விட்டதே என்று உரத்துக்கும் காசு கொடுத்தனர். இதில் எந்தக் காசும் நம்மிடம் தங்கவில்லை என்பது வேறு.

1925இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1930களில், மண்ணை மூடி வைப்பதே நலம் என்னும் கருத்து வலுத்தது. இயற்கையாக முளைப்பதையே விட்டுப் பார்த்த தோட்டங்களும் சில இருந்தன, அவ்வழி நிலைக்கவில்லை. செண்ட்ரோசீமா, கலபகோனியம் முதலிய அமெரிக்கக் கொடிகளை விதைத்து மூடுவதே வழக்கமாயிற்று. மண்ணை மூடுவதற்கும் நட்ட செடிதான் வேண்டியிருந்தது. முளைத்ததற்கு அந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு நஞ்சின் காலம் வந்தது. லாலான் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சினைட் என்னும் பாஷாணத்தை நீரிற் கரைத்து அடித்தார்கள். அது பட்ட புல்லை மேய்ந்த மாடுகள் மாண்டன. அதன்பின் வந்தது பாராகுவாட். இந்நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவித்தார்கள். 2006இல் தடையை நீக்கினார்கள். முடிவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி முற்றாகத் தடை செய்தார்கள். என் தாயார் அதற்கு முந்திய காலத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். முதுகிலே பம்பு, வாயைச் சுற்றி ஒரு பழந்துணி. அவர் கைந்நகங்கள் கருத்து உதிர்ந்ததை நான் சிறுவனாயிருந்தபோது பார்த்திருக்கிறேன். மூக்கில் இரத்தம் வந்தால் அன்று அரை நாள் பேர். அரை நாள் என்று எழுதியவரும் என்னைப் போல் ஒரு கிராணிதான்.

அவரிடம் செடிகளைப் பற்றி நான் கேட்டதுண்டு. அவர் அறியாதவர் அல்லர். எது ஒரே அடியில் கருகும், எது வாடினாற்போல் நடித்து மூன்றாம் நாள் தளிர்க்கும், எதன் வேரை வெயிலில் புரட்டிப் போட வேண்டும் என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்லுவார். இருபது முப்பது இனங்களை அவை சாகும் விதம் கொண்டு அவர் வேறுபடுத்தி அறிவார். பெயர் மட்டும் ஒன்றுக்கும் தெரியாது. நான் ஆங்கிலப் பள்ளியில் ஓக்கு மரத்தையும் பிரிம்ரோசுப் பூவையும் பாடமாகப் படித்தவன். எனக்கும் தெரியாது.

களை என்று பெயர் வாங்கிய செடி என்னவாகக் கூடும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில், சதுப்பு நீரில் கால் ஊன்றி, நாணலைப் பற்றிக்கொண்டு ஏறும் ஓர் ஆர்க்கிட் ஏராளமாக வளர்ந்திருந்தது. அதன் மிகுதியைக் கண்டு வெள்ளையர் அதற்குக் ‘கிந்தாக் களை’ என்று பெயரிட்டனர். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனிய மாது தம் வீட்டுத் தோட்டத்தில் பலவகை ஆர்க்கிட்டுகளை வளர்த்து வந்தார். பர்மா நாட்டுப் பக்கத்து ஆர்க்கிட் ஒன்றும் இந்தக் கிந்தாக் களையும் கூடிப் பிறந்த புதுச் செடி அவர் தோட்டத்திலே தோன்றியது. 1893இல் அதனை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் முன்சொன்ன ரிட்லியே. 1981ஆம் ஆண்டில் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. கிந்தாச் சதுப்புகளோ ஈயத்துக்காகத் தோண்டப்பட்டுப் போயின. ஒரு பெண்மணியின் வீட்டுத் தோட்டம் இல்லாவிடில் அந்தக் களையின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவோம்?

இனி, நம்மவர்க்கு மிகவும் வேண்டியதென்று நான் கருதுவதைச் சொல்லுகிறேன். இம்மண்ணுக்குரிய செடிகள் பல நமக்குப் புதியன அல்ல. அவை தமிழ்ப் பெயர் உடையன. மலாய்ப் பெயருக்குப் பின்னால் நாம் அவற்றை அடையாளம் காணாதிருக்கிறோம், அவ்வளவே.

பெனாகா லாவுட் என்று இங்கே கடற்கரையில் நிற்கும் மரம் நம் புன்னை. சங்க நூல்களில் நெய்தல் நிலத்துக் காதலர் சந்திப்பது இதன் நிழலிலேதான். பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகரம் எழுந்த முனைக்கு முன்பு தஞ்சோங் பெனாகா என்று பெயர்; தமிழிற் சொன்னால் புன்னை முனை. பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் இறங்கிய நம் முன்னோர், புன்னையின் பெயர் பூண்ட நிலத்தில்தான் கால் வைத்தனர். ஒருவரும் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டத்து ஓடைக்கரையிலும் புதிதாக வெட்டிய சாலையோரத்திலும் தானே முளைத்து நெடுநெடுவென வளரும் கெலெம்பாயான், முருகனுக்குரிய கடம்பு என்று நூலோர் பலர் காட்டும் அதே மரம். தோட்டத்துக்குத் தோட்டம் முருகனுக்குக் கோயில் கட்டினோம். அவன் மரத்தை மருந்தடித்துக் கொன்றோம். வெட்சிப் பூ நம் இலக்கியத்தில் ஆநிரை கவரச் செல்வோர் சூடுவது. தமிழ்நாட்டு வெட்சியின் உடன்பிறப்புகள் இத்தீபகற்பத்துக் காடுகளில் உண்டு. ஜெஜாரும் என்பது மலாய்ப் பெயர். கரையோரத் தாழையும், வரப்போர வல்லாரையும் இரு நாட்டுக்கும் பொது. வல்லாரையை மலாய்க்காரர் பெகாகா என்று விலை கொடுத்து வாங்கித் தின்கின்றனர். நாமோ அதனை லயத்துக் கால்வாயோரத்தில் மிதித்துக்கொண்டு போய், நினைவாற்றலுக்கென்று வல்லாரை மாத்திரையைக் கடையில் வாங்குகிறோம்.

கற்பூரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம், வீட்டுத் தோட்டத்தில் அடங்காத மரமாயினும். பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் எடுக்கப்பட்டது காப்பூர் என்னும் மரத்தின் உள்ளிருந்து. அம்மரம் சுமத்திராவிலும் இத்தீபகற்பத்திலும் போர்னியோவிலும் உரியது. சிலாங்கூரில் ராவாங்கு அருகே கஞ்சிங் காட்டில் இன்றும் நிற்கிறது. கப்பலில் வந்த அகிலையும் கற்பூரத்தையும் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் என்னும் ஊருக்கு அருகில், தமிழ் வணிகரான ஐந்நூற்றுவர் தம் தீர்மானத்தைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தனர், அது கி.பி. 1088ஆம் ஆண்டினது. ஆகவே ரப்பருக்கு நம்மைக் கப்பலேற்றுவதற்கு எண்ணூறு ஆண்டுக்கு முன்பே, இத்திசையின் ஒரு காட்டு மரத்தைப் பெயர் சொல்லித் தேடிவந்த தமிழர் இருந்திருக்கின்றனர். அவர்கள் வணிகர், நாம் கூலிகள். அவர்களுக்கு மரத்தை அறிய வேண்டிய தேவை இருந்தது. நமக்கு நிரையை அறிந்தால் போதும் என்று பிறர் முடிவு செய்தனர்.

இம்மண்ணுக்குரியது என்று ஒரு செடியை எதனால் சொல்வது? எத்தனை ஆண்டாக நாம் உண்கிறோம் என்பதனால் அன்று. அதனை இங்குள்ள உயிர்கள் அறியுமா என்பதனாலேயே. நான் இதனைக் கற்றது செம்பனையிடமிருந்து. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மரமாகிய அதனை 1917இல் கோலசிலாங்கூர் அருகே தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாகப் பெருமளவில் நட்டார்கள். மரம் வந்தது, அதன் பூந்தாது சுமக்கும் வண்டு வரவில்லை. இங்குள்ள பூச்சிகளுக்கு அந்தப் பூ இன்னதென்று தெரியவில்லை. அதனால் ஆள் வைத்து, பெரும்பாலும் பெண்களை வைத்து, பூவுக்குப் பூ தாது தூவச் செய்தார்கள். 1981இல் காமரூன் நாட்டிலிருந்து அந்தச் சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டபின்தான் அவ்வேலை ஒழிந்தது. ஒரு வண்டு செய்யும் பணியைப் பல்லாண்டு நம் பெண்கள் செய்தனர் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறாகச் செண்டுடுக் என்னும் செடியைப் பாருங்கள். ஊதா நிறப் பூவும், மூன்று நீள நரம்போடும் இலையும், வெடித்தால் கருநீலச் சதையும் உள்ள புதர் அது. தின்ற பிள்ளைகள் வாய் கறுப்பாகும். இலத்தீன் பெயருக்கும் கருவாய் என்பதே பொருள். அதன் தாதுப் பைகள் நுனியிலே ஊசித்துளை மட்டும் உடையவை. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு வந்து பற்றிக்கொண்டு, சிறகு விரிக்காமலே உடம்பை அதிரச் செய்யும். அந்த அதிர்ச்சிக்கு மட்டுமே தாது பொழியும். விடியற்காலையில் அருகே நின்றால் அந்த ரீங்காரம் காதுக்குக் கேட்கிறது. உரம் வேண்டாம், புளித்த மண்ணே அதற்கு உகந்தது. கனியைக் குருவிகள் உண்டு விதையைப் பரப்பும். இது நம் செக்ரோலில் களை.

ஒரு எச்சரிக்கை. செண்டுடுக் பூலு என்று மலாயில் அழைக்கப்படும் மற்றொரு செடி இருக்கிறது. மயிர் அடர்ந்த இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக இருக்கும். குடும்பம் ஒன்றுதான், ஆயின் அது அமெரிக்கச் செடி, காட்டுக்குள் நுழைந்து பரவுகிறது. பெயர் ஒத்திருக்கிறதென்று அதனைக் கொண்டுவந்து நட வேண்டா. கறிவேப்பிலையோ இதற்கு எதிர்வழக்கு. அது நம்மோடு வந்த செடிதான். ஆயினும் எலுமிச்சைக் குடும்பத்ததாதலால் இந்நாட்டுக் கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில் முட்டையிடக் கற்றுக்கொண்டது. பச்சைப் புழு இலையைத் தின்றுவிடுகிறதென்று நம் பெண்கள் முறையிடுவது இதனையே. அதைப் பிடுங்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு என் மறுமொழி இதுதான்: வேண்டா. அது ஓடிப்போய் எவர் நிலத்தையும் பிடிக்கவில்லை. இங்குள்ள ஓர் உயிருக்குச் சோறும் போடுகிறது. முருங்கையும் நிற்கட்டும்.

என் குவார்ட்டர்ஸைச் சுற்றி நான் செய்தது சிறிது. சாலையோரத்துச் செண்டுடுக் கனியைப் பிழிந்து விதையை மண்மேல் தூவினேன், மூட வேண்டுவதில்லை. குழாயடி ஈரத்தில் வல்லாரையைக் கணுவோடு பதித்தேன். மருந்தடித்த பாதையோரத்து வல்லாரையைப் பறித்துத் தின்னலாகாது. அதனாலேயே வீட்டில் வேண்டும். வீட்டு நிழலில் காடுக் வளர்கிறது. வெற்றிலைக்குத் தங்கை போன்ற இலை, மலாய்க்காரர் மீனுக்குப் போடுவது. பக்கத்துக் கம்பத்து மாக் சிக் ஒருவர்தாம் தண்டை ஒடித்துக் கொடுத்து, பெயரையும் இருமுறை சொல்லித் தந்தார். ஜெஜாரும் இரண்டு. புன்னை ஒன்று, கடற்கரையில் பொறுக்கிய கொட்டையிலிருந்து. ஓட்டை உடைத்துப் போட்டால் விரைவில் முளைக்கிறது. காட்டுக்குள் போய் எதையும் தோண்டவில்லை. அது குற்றமும் ஆகும், தேவையும் இல்லை.

இது வீண் வேலை என்பார்க்குக் கெப்போங்கைக் காட்டுவேன். 1926இல் பாக்ஸ்வொர்தி என்னும் வனத்துறை அறிஞர் அங்கே எடுத்துக்கொண்ட நிலம், ஈயம் தோண்டியும் காய்கறி போட்டும் சீரழிந்த வெளி. அங்கே இந்நாட்டு மரங்களையே கையால் நட்டார்கள். அது நூறாண்டுக்குள் காடாயிற்று; 2025இல் யுனெஸ்கோ அதனை உலக மரபிடமாக ஏற்றது. அங்குள்ள காப்பூர் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு நிற்கும் காட்சியைப் பார்க்கப் பல நாட்டவர் வருகிறார்கள். நட்டதா, முளைத்ததா என்று இன்று அங்கே கேட்டால் எவரும் சொல்ல மாட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் தாயார். வேலையிலிருந்து ஓய்ந்து பல ஆண்டாகியும் அவர் கை ஓயவில்லை. ஒரு நாள் நான் பெரட்டிலிருந்து திரும்பியபோது, செண்டுடுக் கன்றுகளில் பாதி வேர் மேலாகக் கிடந்தது, வெயிலில் புரட்டியபடி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறு நாள் விடியற்காலையில் மிஞ்சிய புதரருகே அவரை நிறுத்தினேன். கருவண்டு வந்தது. அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அதன்பின் கத்தியுடன் வெளியே வந்தால், ஒவ்வொன்றையும் சுட்டி, “ஏம்ப்பா, இது நட்டதா, முளைச்சதா?” என்கிறார். முளைத்தது என்று சொன்னால், “அப்ப இதுக்குப் பேரு என்ன?” என்கிறார். பாதிக்கு நான் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1920களின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் போட ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. ஒதுக்கிய நிலமும் கட்டிய லயமும் முதலாளியுடையனவாகவே இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதெல்லாம் மக்கள் வெளியேறினர். நட்ட மா, பலா, முருங்கை அனைத்தும் அங்கேயே நின்றன. எங்கள் பகுதியும் வீடமைப்புக்குப் போகிறதென்று கடிதம் வந்திருக்கிறது. எனக்கு டவுனில் அடுக்குமாடி வீடு, ஆறாவது மாடி. வல்லாரையையும் காடுக்கையும் தாயார் இப்பொழுதே பால்மாவு டின்களில் மாற்றிவிட்டார். ஜெஜாரும் ஒன்று தொட்டியில் வரும். புன்னைக்கு இப்பொழுது என் மார்பளவு உயரம். அதனைப் பெயர்க்க இயலாது. அதன் கொட்டை இரண்டு அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கம்பத்து மாக் சிக், தம் வீட்டுப் பின்புறத்தில் இடமிருக்கிறதென்று சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன்.